ஒற்றையாள் நிலை

குடிநீர் வாரிய அலுவலகத்தின் பழைய யூனிக்ஸ் கம்ப்யூட்டர் ஒற்றையாள் நிலையில் நின்றுவிட்டால், அதைப் பழுதுபார்ப்பவரைத் தவிரக் கட்டடத்தில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். இயங்கக் கிளம்பும்போது கோளாறு தென்பட்டால் ஒருவரை மட்டும் உள்ளே விட்டு நிற்பது அந்த வகைக் கம்ப்யூட்டர்களின் வழக்கம். இது அதைக் கொஞ்சம் கறாராகவே கடைப்பிடித்தது. மின்விசிறிகள் சுற்றும், நாற்காலிகளில் சூடு இருக்கும், ஆட்கள்தான் இல்லை. பழுது நீங்கி அது முழுதாகக் கிளம்பியதும் எல்லோரும் அவரவர் இடத்தில், விட்ட பேச்சைத் தொடர்வார்கள். மறைந்திருந்த நேரமும் வேலை நேரமே என்று சங்கம் போராடி ஒரு சுற்றறிக்கைகூட வாங்கிவிட்டது.

பழுதுபார்ப்பவரைக் கம்ப்யூட்டர்காரர் என்பார்கள். அவர் மனைவிக்கு அங்கேயே புகார்ப் பிரிவில் வேலை. ஒரு மழைக்காலத்தில் இரண்டாவது டிஸ்க் மக்கர் செய்தது. வெளியூரிலிருந்த மேலாளர் போனில் அவசரப்படுத்தவே, கம்ப்யூட்டர்காரர் அந்த டிஸ்க்கைத் தாண்டிப்போகும்படி தொடக்கக் கட்டளைகளில் ஒரு வரியை முடக்கினார். கம்ப்யூட்டர் சமர்த்தாகக் கிளம்பியது. புகார்ப் பிரிவு மட்டும் காலியாக இருந்தது. அவர்களின் கோப்புகள் இருந்தது அந்த டிஸ்க்கில்.

மீட்டர் பிரிவிலிருந்து மைத்துனன் வந்தான். "அத்தான், எங்கக்கா எங்க?"

"டிஸ்க்ல இருக்கா. எடுத்துடலாம்."

"வீட்லயும் இப்படித்தான், எதை எங்க வெச்சீங்கன்னே தெரியாது. அக்கா இல்லாம எங்கம்மா முன்னாடி வந்து நின்னீங்க..."

அவர் வரியைச் சரிசெய்து மறுபடி கிளப்பியதும் அவனும் பாதிப் பேச்சில் மறைந்தான்.

திரையில் கேள்விகள் வந்தன. இடம் தெரியாத கோப்புத் துண்டு ஒன்று இருக்கிறது, சேர்க்கவா, அழிக்கவா? எந்தத் துண்டு யாரென்று கம்ப்யூட்டர் சொல்லாது. புகார்ப் பிரிவில் அவள் பேனா மூடியைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தார், நாற்காலிதான் இருந்தது. திரும்பி வந்து ஒவ்வொன்றுக்கும் சேர் என்றே பதில் கொடுத்தார்.

எல்லோரும் வந்தார்கள். ஆனால் இப்படி மீட்ட துண்டுக்குப் பழைய பெயர் நிலைக்காது, கம்ப்யூட்டர் ஓர் எண்தான் கொடுக்கும். அடையாள அட்டையிலும், கல்யாணப் பத்திரிகையிலும், பெற்றவள் நினைவிலும் அவள் இப்போது 2817.

"நான் அக்கான்னுதானே கூப்பிடுவேன்," என்றான் மைத்துனன். "கட்டிக்கிட்ட உங்களுக்குமா தெரியல?"

கல்யாணமான நாளிலிருந்து கம்ப்யூட்டர்காரர் அவளைக் கூப்பிட்டது "இந்தாம்மா" என்றுதான்.

வருடக்கணக்கில் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு பெயராகச் சொல்லிப்பார்த்தார். "இது இல்லீங்க. ஆனா நல்லாருக்கு," என்பாள் அவள். இப்போதெல்லாம் தெருவில் யாராவது அந்த எண்ணைச் சொன்னாலே திரும்பிப் பார்க்கிறாள். சில சமயம் பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்தி, "யாரோ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறாங்க," என்கிறாள். என்ன பெயர் என்று அவர் கேட்பதற்குள் மறந்துவிடுகிறது. அவர் எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்துவைத்துவிட்டு வந்து சாப்பாட்டைத் தொடர்கிறார்.