ஒரு தேத்தண்ணி நேரம்

சீவரத்தினம் மூன்றாவது தடவையும் கொம்பியூட்டரை நிறுத்திவிட்டு மறுபடி போட்டார்.

“பெரியண்ணை, பொறுங்கோ. ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் எடுக்கும் எண்டு சின்னண்ணை சொல்லுறவர்,” என்றாள் குணலட்சுமி.

“சாமானுக்கும் ஆள் மதிப்புத் தெரியவேணும், பிள்ளை. ஒரு சமாதான நீதவான் முன்னாலை நிக்கிறன்.”

கூடத்தில் சின்னண்ணன் அருளம்பலம் கிடத்தப்பட்டிருந்தான். விடியவெள்ளென நெஞ்சைப் பிடித்தவன்தான், பிறகு எழும்பவில்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி வீட்டின் இந்த முன்னறையில் கொம்பியூட்டர் வகுப்பு நடத்தினான். புதுப் பெட்டி வந்தபோது அது பழைய பிரிண்டரை மதிக்கவில்லை. கிழம் ‘ஆயத்தம்’ என்று வாய் திறப்பதற்குள் புதியது ‘பிரிண்டர் இல்லை’ என்று முடிவு கட்டிவிடும். பொருளாதாரத் தடைக்குள் வேறு பிரிண்டருக்கு எங்கே போவது? மாதக்கணக்காக இருந்து ஒரு டிரைவர் எழுதினான். இரண்டுக்கும் நடுவில் நின்று, புதியதைப் பொறுத்திருக்கச் சொல்லும் சின்னப் புரோகிராம். இடையில் நிறுத்தினால் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும்.

வாசலில் பக்கத்து வீட்டுச் சிமியோன் சைக்கிளோடு நின்றான். கொடிகாமத்தில் இருக்கும் குணலட்சுமியின் அக்காவுக்குச் சொல்லப் போகவேண்டியவன். பொழுதுபடமுன் பிரேதம் எடுத்துவிடுவார்கள். அக்கா முகம் பார்க்கவேண்டும். வாயால் சொல்லி அனுப்பினால் போதும் என்று குணலட்சுமி காலையிலேயே சொன்னாள். அது இல்லாதவர்கள் வீட்டு வழக்கம் என்று சீவரத்தினம் தீர்ப்பளித்துவிட்டார். அச்சடித்த அறிவித்தல்தான் போகவேண்டும்.

வெளியே ஜெனரேட்டர் இருமியது. மண்ணெண்ணெய் அடிமட்டத்தில்.

குணலட்சுமி கதிரையை இழுத்துப்போட்டு, சுவிச்சை உள்ளங்கையால் மூடிக்கொண்டு இருந்தாள். அடுப்பு மூட்டாத வீட்டுக்குச் சிமியோனின் மனைவி பெர்னடெட் கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் பிரிண்டர் கனைத்தது. ஊசிகள் புள்ளி புள்ளியாக ஊர்ந்தன.

‘சமாதான நீதவானும், கோயில் பரிபாலன சபைப் போசகரும், சனசமூக நிலைய முன்னாள் தலைவரும், நாவன்மைச் செம்மலுமாகிய சீவரத்தினம் அவர்களின் அன்புத் தம்பியுமான’

ஜெனரேட்டர் நின்றது.

சிமியோன் தாளை வாங்கி இரண்டு தரம் பார்த்தான். “ஐயா, ஆர் செத்துப்போனதெண்டு இதிலை இல்லையே.”

குணலட்சுமி சுவிச்சிலிருந்து கையை எடுத்தாள்.

“நீ வெளிக்கிடு, சிமியோன். சின்னவன் எண்டு சொல்லு, அக்காவுக்கு விளங்கும். அவ வருமட்டும் எடுக்கமாட்டம்.”

“பிள்ளை, ஐயர் வைச்ச நேரம்…”

குணலட்சுமி ஆறிப்போன கோப்பையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். சின்னண்ணனின் தலைமாட்டில் குந்தியிருந்து, அவசரமில்லாமல் ஒரு மிடறு குடித்தாள்.