அரக்குப் பூசாத மூடி

பழைய சாயம் ஏறிய மரத்தில் நேரே வெள்ளை அடிக்கிறவன் மடையன். முதலில் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை இரண்டு கை பூச வேண்டும், காயவிட வேண்டும், அப்புறம்தான் பெயின்ட். இல்லாவிட்டால் அடியில் கிடக்கும் சாயம் மெல்ல மேலே ஏறிவிடும். நாற்பது வருஷத் தச்சு வேலையில் இதைச் சொல்லியே ஊரில் பாதிப் பேரைப் பகைத்துக்கொண்டவன் நான். அந்த மடத்தனத்தை நானே செய்தேன்.

ரொசெண்டாவின் மகன் ரோமெல் கடலில் போய்விட்டான். ஒன்பது வயசு. அவளுடைய இரண்டாம் புருஷன் ஃபெர்மினோடு வலை போடப் போனவன். அலை அடித்துக்கொண்டு போனதைத் தான் பார்க்கவே இல்லை என்றான் ஃபெர்மின். மறுநாள் உடல் கரை ஒதுங்கியது.

சின்னப் பிள்ளைக்கு வெள்ளைப் பெட்டிதான் வேண்டும். என்னிடம் பலகை இல்லை. ரொசெண்டா தன் கல்யாண அலமாரியைக் கழற்றிக் கொடுத்தாள். கருஞ்சிவப்புச் சாயம், நானே ஏற்றியது. அரக்கு தீர்ந்திருந்தது, கடை ஆற்றுக்கு அந்தப் பக்கம். நாளைக்கே மண்ணுக்குள் போகிற பெட்டி, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நேரே வெள்ளை அடித்துவிட்டேன்.

ஆனால் ஹாங்காங்கில் வீட்டு வேலை பார்க்கும் ரொசெண்டாவின் தங்கைக்கு உடனே லீவு கிடைக்கவில்லை. அவள் வராமல் எப்படி எடுப்பது? அடக்கம் ஐந்தாம் நாளுக்குத் தள்ளிப்போனது. அத்தனை நாள் அந்த வெள்ளை தாங்காது என்று எனக்குத் தெரியும்.

நான்காம் நாள் மத்தியானம். துக்க வீட்டு வாசலில் எங்கள் ஊர் வழக்கப்படி காப்பியும் சீட்டாட்டமும்.

"மனோய் இசித்ரோ, ஒரு ஆள் குறையுது, வந்து உக்காருங்கண்ணே," என்று அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டான் ஒருவன்.

"முழங்காலுக்கடியில சீட்டை ஒளிக்கிற பயலுகளோட நான் ஆடுறதில்லடா," என்றேன். சிரித்தார்கள். அப்போதுதான் உள்ளேயிருந்து அலறல் கேட்டது.

"ஐயோ! ரத்தம்! ரத்தம்!"

ஜெபம் சொல்ல வந்த பெர்பெத்துவாவின் குரல். ஓடினேன். கால்மாட்டுப் பக்கத்து மூடியில், இரண்டு உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. நாலு நாளாக ஃபெர்மின் அந்த இடத்தில்தான் வியர்வைக் கைகளை ஊன்றிக்கொண்டு நின்றான். ஈரம் பட்ட இடத்தில் சாயம் முதலில் ஏறிவிட்டது. இது எனக்கு மட்டும் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், கொன்றவன் தொட்டால் பெட்டி ரத்தம் கசியும் என்பதுதான்.

"இவன் கை வச்ச இடம் பாருங்க! பிள்ளையே காட்டிக் குடுத்துட்டான்!" பெர்பெத்துவா மாரில் அடித்துக்கொண்டாள்.

"ஒரே படகுல போனவன், இவன் மட்டும் எப்படிடா திரும்பி வந்தான்? பெத்த பிள்ளையா இருந்தா விட்டுட்டு வருவானா?" கூட்டத்தில் ஒருத்தன் கத்தினான்.

சீட்டைப் போட்டுவிட்டு வந்தவர்கள் ஃபெர்மினின் சட்டையைப் பிடித்தார்கள். ஒருவன் மூலையில் கிடந்த துடுப்பை எடுத்தான்.

ஒரே ஒரு வார்த்தை. 'அரக்குப் பூசாமல் விட்டது நான்.' சொன்னால் அவன் தப்பிப்பான், என் பேர் ஊர் முழுக்க நாறும். சொல்ல வரவில்லை. சீ, நானும் ஒரு மனுஷனா!

துடுப்பு ஓங்கியபோதுதான் கத்தினேன். "நிறுத்துங்கடா!"

அதற்குள் ஃபெர்மின் முழங்காலில் விழுந்திருந்தான். யாரையும் பார்க்கவில்லை. அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கூப்பிட்டான்," என்றான். "விழுந்ததும் என்னைக் கூப்பிட்டான். எனக்குக் கேட்டுச்சு. வலை நிறைய மீனு, பாதி இழுத்தாச்சு. நீச்சல் தெரிஞ்ச பயதானே, கொஞ்சம் மிதக்கட்டும், இழுத்து முடிச்சுட்டுத் தூக்கிக்கலாம்னு இருந்துட்டேன். முடிச்சுட்டுத் திரும்பினா ஆளைக் காணோம்."

துடுப்பு தானாகத் தாழ்ந்தது. பாழாய்ப்போன என் வாய் அப்போதுதான் திறந்தது.

"அது ரத்தம் இல்லப்பா. அலமாரிச் சாயம். அரக்குப் பூசாம நேரா வெள்ளை அடிச்சுட்டேன். என் தப்பு."

ஃபெர்மின் தலையைத் தூக்கினான்.

"சாயமா, மனோய்?"

"ஆமாப்பா."

"மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

ரொசெண்டா மூடியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. புருஷனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"என்ன சொல்லிக் கூப்பிட்டான்?" என்று கேட்டாள்.

அவன் கண் மறுபடி மூடிக்குப் போனது.

"கேக்குறேன்ல. என்ன சொல்லிக் கூப்பிட்டான்?"

"அப்பான்னு," என்றான் ஃபெர்மின். "அன்னைக்குத்தான் மொதல் தடவையா."