டிவி மட்டும் அடங்கவில்லை

பிரவுசரில் தடம் பதியாத இன்காக்னிட்டோவில் தேடினால் யாருக்கும் தெரியாது என்று நம்பியிருந்தேன். வேறு ஊரில் பெண்கள் விடுதி தேடிய கொஞ்ச நாளிலேயே கூடத்து டிவி வாயைத் திறந்துவிட்டது: 'பணிபுரியும் பெண்களுக்குப் பாதுகாப்பான அறைகள்.' நல்லவேளை, அண்ணன் அப்போது குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

எனக்கு வேலை கிடைத்திருப்பது அவனுக்குத் தெரியாது. போன முறை தெரிந்தபோது அந்த அலுவலகத்துக்குத் தானே போன் செய்து, "தங்கச்சி வரமாட்டா" என்று சொல்லிவிட்டான். அவனுடைய டைல்ஸ் கடைக் கணக்கை நான் பார்த்தால் போதுமாம். இந்த முறை ரயில் ஏறும்வரை மூச்சு விடக் கூடாது.

லேப்டாப் சுலபம். பிரவுசரில் ஒரு விளம்பரத் தடுப்பானைச் சேர்த்ததும் பக்கங்கள் குளித்து வந்ததுபோல் ஆயின. ஆனால் அது அந்த பிரவுசருக்கு மட்டுமே காவல். போனில் டிஎன்எஸ் முகவரியை விளம்பரங்களை வடிகட்டும் ஒன்றாக மாற்றினேன். ஆப்களுக்குள் வருவதும் பெரும்பாலும் நின்றது. டிவியில் எதையும் சேர்க்க வழியில்லை. எல்லாம் ஒரே வைஃபையில் தொங்குவதால் என் தேடல் எப்படியோ அதன் காதுக்குப் போய்விடுகிறது. மிச்சமிருந்தது ரவுட்டர். அங்கே மாற்றினால் வீடு மொத்தத்துக்கும் ஒரே பூட்டு. போட்டேன். டிவியில் விளம்பரம் வரும் இடம் வெறும் சாம்பல் கட்டமானது.

அன்று மாலையே அண்ணி போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, இந்த கேம்ல விளம்பரம் பார்த்தாத்தான் உயிர் குடுப்பான். விளம்பரமே வரமாட்டேங்குது!"

"ஊரே விளம்பரம் வருதுன்னு அழுவுது. நீ வரலைன்னு அழுவுற" என்றான் அண்ணன்.

"சிரிங்க. இந்த நாலு சுவத்துக்குள்ள எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்."

அண்ணன் என் பக்கம் திரும்பினான். "நீ என்னமோ நோண்டியிருக்க."

"நெட் வேகமா வரும்னு..."

"யாரு கேட்டா? எடுத்து விடு."

அண்ணியின் போனுக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருக்கலாம். ஆனால் அவன் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டான். என் கையாலேயே பூட்டைத் திறந்தேன்.

சாப்பிடும்போது டிவி மறுபடி அந்த அறைகளைக் காட்டியது. இம்முறை அண்ணன் பார்த்துவிட்டான்.

"ஹாஸ்டலா? யாரு தேடினது?"

நான் ரிமோட்டுக்குக் கை நீட்டினேன்.

"நான்தான்" என்றாள் அண்ணி, கேமிலிருந்து தலையைத் தூக்காமல். "சாப்பாடு எங்கன்னு கேக்க ஆளில்லாத ரூம்ல ஒரு நாளாவது தூங்கணும்."

அண்ணனுக்குச் சிரித்துப் புரையேறியது. "உன்னை அரை நாள் வச்சுக்க மாட்டாங்க!"

பாத்திரம் கழுவும்போது அண்ணி குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள். "எப்பக் கிளம்பற?"

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. பகலெல்லாம் அந்த டிவி முன்னால் இருப்பவள் அவள்தான்.

"திங்கக்கிழமை, அண்ணி."

"ரூம்ல ஜன்னல் இருக்கா?"

போனில் அறையின் படத்தைக் காட்டினேன். ஈரக் கையோடு வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஜன்னலைத் தாண்டிய விரல் ஓரத்திலிருந்த இரண்டாவது கட்டிலில் நின்றது.

"இது யாருக்கு?"

"காலியாத்தான் இருக்காம்."

கூடத்திலிருந்து அண்ணன் தண்ணீர் கேட்டான். அவள் போனை என் கையில் வைத்துவிட்டு டம்ளரை எடுத்தாள்.