எண்பத்து மூன்றாவது அட்டை

மாட்டு மணிச் சத்தம் கேட்டபோது நான் அடுப்பிலிருந்து ரொட்டித் தட்டை உருவிக்கொண்டிருந்தேன். அது எங்கள் ஹார்லோ ஊர்ப் பழக்கம். மார்ச் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டம் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில் நடக்கும். மதியச் சாப்பாடு நாங்கள் போடுவோம்; ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் சுற்றுலாவுக்கு அந்தக் காசு. கூடத்தில் எதையாவது எண்ணி ஓட்டெடுக்க வேண்டும் என்றால், அடுப்படியில் நிற்பவர்களின் ஓட்டு போய்விடக் கூடாதே என்று, கூட்டத்தை நடத்துகிறவர் ஒரு பழைய மாட்டு மணியை எங்கள் பக்கம் திரும்பி அடிப்பார். நாங்கள் கையைத் துடைத்துக்கொண்டு, ஏப்ரன் பையிலிருக்கும் பச்சை அட்டையை எடுத்துக்கொண்டு, பரிமாறும் ஜன்னலுக்கு வந்து தூக்கிக் காட்டுவோம். பதினாறு வருஷமாக இப்படித்தான் தூக்குகிறேன். அன்றுவரை ஒரு தடவைகூடத் தப்பாகத் தூக்கியதில்லை.

அன்றைக்கு விஷயம் பள்ளி பட்ஜெட். பள்ளி வாரியம் போட்ட கணக்கில் அறுபதாயிரம் டாலரை வெட்ட வேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்திருந்தார்கள். மொத்தத் தொகையை மட்டும்தான் ஊரார் வெட்ட முடியும், எங்கே வெட்டுவது என்பது வாரியத்தின் பாடு. ஆனால் அது எங்கே விழும் என்று தெரியாதவர் யாருமில்லை. பஸ்ஸை வெட்ட முடியாது, கட்டடத்தைச் சூடாக்கும் கொதிகலனை வெட்ட முடியாது. மிஸ் ஹேடனின் வேலையைத்தான் வெட்ட முடியும் என்று வாரியத் தலைவர் ஜனவரியிலேயே வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

மிஸ் ஹேடன் எங்கள் பள்ளியின் மனநல ஆலோசகர். என் மகள் வினிக்கு ஒன்பது வயது. அவள் பள்ளிக்கூடத்தில் பேச மாட்டாள். பிடிவாதம் இல்லை, திமிர் இல்லை, காதும் நாக்கும் நன்றாகவே இருக்கின்றன. காரில் வரும்போது வாய் ஓயாது. நூலகத்து முனையில் வண்டி திரும்பினால் போதும், பாதி வாக்கியத்தில் குரல் நின்றுவிடும். பயம் என்றார் டாக்டர். என்ன பயம், எதற்குப் பயம் என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. ஒன்றாம் வகுப்பில் பாத்ரூமுக்குப் போகணும் என்று கேட்க முடியாமல் நாற்காலியிலேயே நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 

மிஸ் ஹேடன் ஒரு வருஷம் அவளோடு சும்மா படம் வரைந்தார். அப்புறம் தினமும் ஒரே ஒரு கேள்வி. கேட்டுவிட்டு அவசரப்படுத்த மாட்டார். கையை மேஜைமேல் விரித்து வைத்து, சுண்டு விரலிலிருந்து ஒவ்வொரு விரலாக மெதுவாக மடக்குவார். ஐந்தும் மடங்கும்வரை காத்திருப்பார். பதில் வராவிட்டால் சிரித்துவிட்டு மறுபடி பென்சிலை எடுத்துக்கொள்வார். போன அக்டோபரில் வினி அவர் காதில் ஒரு வார்த்தை சொன்னாள். ஜனவரியில் அந்த அறைக்குள் மட்டும் குரலை விட்டு, "நீலப் பென்சில்," என்றாளாம். போனில் இதைச் சொன்னபோது மிஸ் ஹேடன் அழுதார். நான் வேலை பார்க்கும் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவள், தராசை அப்படியே விட்டுவிட்டு நின்றேன்.

அன்று பள்ளி விடுமுறை. என் கணவர் பனி தள்ளும் வண்டியோடு நெடுஞ்சாலைக்குப் போய்விட்டதால் வினியை என்னோடு அடுப்படிக்கே கூட்டி வந்திருந்தேன். மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து காகிதக் கைக்குட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடக் கட்டடம், அதனால் வாய் பூட்டு.

வெட்டச் சொன்னவர் யார் தெரியுமா? எங்கள் பக்கத்துப் பண்ணை ஆரின் தேயர். யாரோ ஒரு சிடுமூஞ்சி என்றால் திட்டித் தீர்த்திருப்பேன். இந்த மனிதர் பனிக்காலம் முழுக்க, கேட்காமலே, எங்கள் வாசல் பாதையில் பனியைத் தள்ளிவிட்டுப் போகிறவர். காசு கொடுத்தால் கோபம் வரும். வினி தினமும் சாயங்காலம் அவர் தொழுவத்தில்தான் கிடப்பாள். அங்கே அவள் பேசுகிற பேச்சுக்குக் கணக்கே கிடையாது. பால் விலை விழுந்து, பள்ளிச் செலவுக்குக் கட்டும் நிலவரி ஏறி, மனிதர் இரண்டு வருஷமாகத் திணறுகிறார். ஒலிவாங்கி முன்னால் நின்று அவர் சொன்னது அடுப்படிவரை கேட்டது.

"நான் யாருக்கும் எதிரி இல்ல. எண்பது பிள்ளைங்க படிக்கிற ஸ்கூலுக்கு மனசப் பாக்க ஒரு ஆளு எதுக்குங்கறேன். நம்ம புள்ளைங்களுக்கு என்ன கொறச்சல்? எங்க பக்கத்து வீட்டுக் குட்டி இருக்கா, பேசிப் பேசியே என் பசுவ எல்லாம் தூங்க வெச்சிருவா."

கூடமே சிரித்தது. ஸ்டூலில் இருந்தவளை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு வாய்மொழி ஓட்டு. "வேண்டாம்" என்ற சத்தம் சுவரை அதிரவைத்தது. அப்பாடா, திருத்தம் தோற்றது என்று நினைத்தேன். உடம்பே லேசாகிவிட்டது. கருகும் வாசனை வர, ரொட்டியைப் பார்க்க ஓடினேன். சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது, எண்ணிப் பார்க்கணும் என்று யாரோ எழுந்து கேட்டதும், சரி என்று அதே திருத்தத்துக்கு மறுபடி அட்டை எண்ண முடிவானதும் புகைபோக்கி விசிறியின் இரைச்சலில் என் காதில் விழவே இல்லை. மணி அடித்தது. திருத்தம் ஒழிந்தது, இப்போது பட்ஜெட்டுக்கு ஓட்டு என்று நானாக முடிவுகட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தேன். "ஆதரவா இருக்கறவங்க தூக்குங்க," என்றார் கார்ல்டன். அவர்தான் கூட்டம் நடத்துகிறவர், ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர். நான் தூக்கினேன். எல்லோருக்கும் தெரியட்டும் என்று கை வலிக்கத் தூக்கினேன்.

எதிர்ப்பவர்களைக் கேட்கும்போதுதான் ரோண்டா காரிலிருந்து கிரீம் டப்பாக்களோடு ஓடி வந்தாள். என்னோடு பள்ளியில் படித்தவள், இன்றைக்கு என் பரிமாறும் ஜோடி. டப்பாக்களைக் கீழே போட்டுவிட்டு அட்டையைத் தூக்கினாள்.

"ஏண்டி, நீ தூக்கல?"

"நான் அப்பவே தூக்கிட்டேனே."

"எப்ப? வெட்டணும்னா தூக்கின?"

எனக்குப் புரிவதற்குள் கார்ல்டன் எண்ணிக்கையைப் படித்துவிட்டார். வெட்ட ஆதரவு எண்பத்து மூன்று, எதிர்ப்பு எண்பத்திரண்டு. திருத்தம் நிறைவேறியது. திருத்திய பட்ஜெட்டுக்கு ஓட்டு சாப்பாட்டுக்குப் பிறகு. ரோண்டா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒரே ஒரு ஓட்டு. அந்த ஒன்று நான்தான்.

வரிசை வந்துவிட்டது. நூற்று அறுபத்தைந்து பேருக்கும் பன்றி இறைச்சி, சாறோடு அவித்த பீன்ஸ், முட்டைக்கோஸ் கலவை, ரொட்டி. நான் பீன்ஸ் ஊற்றினேன். பின்னாலிருந்து ஏப்ரனை யாரோ இழுத்தார்கள். வினி. கையில் ஒரு காகிதக் கைக்குட்டை. அதில் பென்சிலால் எழுதியிருந்தாள்: மிஸ் ஹேடன்? அந்தக் கேள்விக்குறியை இரண்டு தடவை அழுத்திப் போட்டிருந்தாள். நான் அதை வாங்கி அட்டையோடு சேர்த்துப் பைக்குள் திணித்துக்கொண்டேன். என்ன பதில் சொல்வது? உன் அம்மா ஒரு மடச்சி என்று சொல்வதா?

அப்போது தட்டோடு ஆரின் வந்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டார். கண்ணோரம் சிவந்திருந்தது.

"ஒன் அட்டையப் பாத்தேன்ம்மா," என்றார் மெதுவாக. "நீ எம்மேல கோவமா இருப்பேன்னு நெனச்சேன். ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. ஜன்னல்ல ஒன் கைதான் மொதல்ல ஏறுச்சு."

"ஆரின், அது வந்து…"

"ஒண்ணும் சொல்லாத. கீழ்வயல வித்துரலாம்னுதான் இருந்தேன். இந்த வருஷம் விக்க வேண்டாம். எம் பொண்டாட்டிட்ட போய்ச் சொல்லணும்." அப்புறம் எட்டிப் பார்த்தார். "ஏ குட்டி! காலைல அந்த வெள்ளைப் பசு கன்னு போட்டுட்டா. நெத்தில பொட்டு. நீதான் பேர் வெக்கணும். சொல்லு, என்ன பேர்?"

வினியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. பேர் தயாராக இருந்தது, எனக்குத் தெரியும், ஒரு மாதமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்றும் வரவில்லை. கண் மட்டும் நிறைந்தது.

"என்னடா, எம்மேல கோவமா?" ஆரின் சிரித்துப் பார்த்தார். அவள் ஸ்டூலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பீன்ஸ் வாங்க மறந்து, தட்டோடு போய்விட்டார். அவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அடுத்த தட்டுக்குக் கரண்டியை நீட்டினேன்.

கடைசியாக ஆப்பிள் பலகாரத்துக்கு வந்த கார்ல்டனைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒருத்தர் தப்பா அட்டையத் தூக்கிட்டா மாத்திக்கலாமா?"

"எண்ணிக்கை படிச்சதுக்கு அப்புறம் மாத்த முடியாது."

"அப்ப வேற வழியே இல்லையா?"

அவர் முள்கரண்டியால் பலகாரத்தில் ஒரு துண்டு வெட்டி, நிதானமாக மென்று விழுங்கினார். "முடிவ மறுபடி எடுத்துக்கணும்னு கேக்கலாம். மறுபடி ஓட்டு வரும். ஆனா தோத்தவங்க கேக்க முடியாது. ஜெயிச்ச பக்கம் ஓட்டுப் போட்டவங்க ஒருத்தர் எந்திரிச்சுக் கேக்கணும். அதுவும் நான் பட்ஜெட்ட ஓட்டுக்கு விடறதுக்கு முன்னாடி." பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார், "யாரு எப்படித் தூக்கினாங்கன்னு நான் பாக்கறதில்ல. எண்ணுறதோட சரி."

"அடியே, ஜெயிச்ச பக்கத்துல நம்ம ஆளுன்னு இருக்கறது நீ ஒருத்திதான்," என்றாள் ரோண்டா அவர் நகர்ந்ததும். "எந்திரி. கேளு. அவ்வளவுதான?"

அவ்வளவுதான். ஊரார் முன்னால் எழுந்து, எதற்கு ஓட்டுப் போடுகிறோம் என்றே தெரியாமல் போட்ட முட்டாள் நான் என்று சொல்ல வேண்டும். ஆரின் முகத்தைப் பார்த்து, நான் உங்கள் பக்கம் இல்லை, இருந்ததே இல்லை, வயலை விற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். அவர் இந்நேரம் வீட்டுக்குப் போன் பண்ணியிருப்பார். சும்மா இருந்துவிட்டால்? யாருக்கும் தெரியாது. ரோண்டா வாயை மூடிக்கொள்வாள். வினிக்கு வேறு ஏதாவது வழி பார்க்கலாம், பர்லிங்டன் நகரத்தில் ஒரு ஆலோசகர் இருக்கிறாராம், ஒன்றரை மணி நேரம் போக, ஒன்றரை மணி நேரம் வர. இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு பானையைத் தேய்த்தேன். தேய்த்த பானையையே திரும்பத் தேய்த்திருக்கிறேன்.

நாற்காலிகள் இழுபடும் சத்தம் அடங்கியது. "சரி, திருத்திய பட்ஜெட். ஓட்டுக்குப் போறதுக்கு முன்னாடி யாருக்காவது ஏதாவது இருக்கா?" என்று கார்ல்டன் கேட்டது இந்தத் தடவை தெளிவாகக் கேட்டது. விசிறியை ரோண்டா நிறுத்திவிட்டிருந்தாள். கார்ல்டன் அவசரப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நான் ஈரக் கையோடு கூடத்துக்குள் போய் அட்டையைத் தூக்கினேன். அதில் பீன்ஸ் சாறு ஒட்டியிருந்தது.

"பேரச் சொல்லும்மா. குறிப்புல எழுதணும்."

ஊரில் என் பேர் தெரியாதவர் இல்லை. "டெஸ்ஸா பிக்ஸ்பி."

"திருத்தத்துல எந்தப் பக்கம் ஓட்டுப் போட்ட?"

"வெட்டணுங்கற பக்கம்."

மூன்றாவது வரிசையில் ஆரின் நாற்காலியோடு திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் இருந்தவரின் முழங்கையைத் தட்டி என்னைக் காட்டினார், பார்த்தாயா எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணை என்பதுபோல.

"சொல்லு. ஒனக்கு என்ன வேணும்?"

அடுத்த வாக்கியம் தயாராகத்தான் இருந்தது. அடுப்படியில் பத்துத் தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். தொண்டைவரை வந்து நின்றது. நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது, காதுக்குள் இரைந்தது, நூற்று அறுபது சொச்சம் முகமும் என் வாயையே பார்த்தன. ஒரு வார்த்தையைக்கூட வெளியே தள்ள முடியவில்லை. நாலு வருஷமாக, காலை எட்டிலிருந்து மூன்றுவரை, என் பிள்ளை இங்கேதான் இருந்திருக்கிறாள். "ஒரு வார்த்தைதானடா, சொல்லேன்" என்று எத்தனை காலை அவளைக் காரில் வைத்து அதட்டியிருக்கிறேன், பாவி.

யாரோ இருமினார்கள். ஆரின் சிரிப்பு இன்னும் அப்படியே இருந்தது.

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். வினி ஸ்டூலின்மேல் ஏறி நின்றிருந்தாள். பரிமாறும் பலகையில் ஒரு கையை விரித்து வைத்திருந்தாள். என் வாயையே பார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், சுண்டு விரலை மடக்கினாள். மோதிர விரலை மடக்கினாள். நடு விரல். ஆள்காட்டி விரலும் மெல்ல மடங்கியது. கட்டை விரல் மட்டும் இன்னும் நிமிர்ந்திருந்தது.