ஜீப்புக்கு நாலு டயர்

புத்தூர் தாண்டியதும் ஜீப்பின் பின் டயர் வெடித்தது. உமாபதி வண்டியை ஓரங்கட்டிவிட்டு, இறங்காமல் ஸ்டியரிங்கின் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டான். பக்கத்தில் அவன் மனைவி தாட்சாயணி உட்கார்ந்திருந்தாள். புது டயர் வாங்கத்தான் இருவரும் திருப்பதிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நாலு டயரிலும் பல் தேய்ந்து நூல் தெரிந்தது.

யுத்தம் முடிந்து ராணுவம் ஏலம் விட்ட ஜீப் அது. சத்தியவேட்டுப் பக்கம் அவர்கள் ஊருக்கு வேறு வண்டி கிடையாது. தாட்சாயணி மருத்துவச்சி. மழைக்காலத்தில் சேறு தாண்டி அவளைப் பிரசவ வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த ஜீப்தான். அறுபதாம் வருஷம் எல்லை மாறி ஊர் ஆந்திராவோடு சேர்ந்தது. பொன்னேரிக்கு மனு எடுத்துப் போனவர்கள் இப்போது சித்தூருக்குப் போகவேண்டியிருந்தது. அத்தனை பேரும் உமாபதியைத்தான் கூப்பிட்டார்கள். சேற்றுக்கான பெரிய பல் டயரைப் போட்டுக்கொண்டு, தார் ரோட்டில் வண்டி உதற உதற அவ்வளவு தூரம் ஓட்டி அவன் தோள் இற்றுப்போயிருந்தது.

ஆடியில் திடீரென்று கொட்டிய மழையில், அவன் சித்தூரில் இருந்த நாளில், தாட்சாயணி ஒரு பிரசவத்துக்கு நடந்தே போனாள். போய்ச் சேரும்போது குழந்தை இறந்திருந்தது. அதைப்பற்றி அவள் வீட்டில் பேசவேயில்லை.

ஸ்டெப்னியை மாட்டித் திருப்பதி வந்து சேர்ந்தார்கள். டயர்க்கடை ரங்கையா இரண்டு விதத்தையும் உருட்டிவந்து காட்டினார். ஒன்று பெரிய பல் வைத்தது. மற்றது ரோட்டுக்கானது, மெல்லிய கோடுகள் மட்டும்.

"சேத்துக்கா, ரோட்டுக்கா? செப்பய்யா."

உமாபதி மனைவியைப் பார்த்தான். "நீ இன்னா சொல்ற?"

"ரோட்டு டயரே போடுங்க. ராத்திரியில நீங்க கைய தூக்க முடியாம படுத்துனுகிறத நான் பாக்கல?"

"மழை வந்தா?"

"நடந்துக்கினு போறேன்."

சேற்று டயர்தான் வேண்டும் என்று அவள் சண்டை போடுவாள், என்ன பதில் சொல்லலாம் என்று வழியெல்லாம் அவன் யோசித்துவந்திருந்தான். அவள் பெஞ்சில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தவள், அப்படியே தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. வீட்டில்கூட அவள் பகலில் தூங்கி அவன் பார்த்ததில்லை.

"பின்னால ரெண்டும் சேத்து டயரு. முன்னால ரெண்டும் ரோட்டு டயரு. போடலாமா?" என்று ரங்கையாவைக் கேட்டான்.

"போடலாம். ரெண்டு எடத்துலயும் முழுசா நல்லாயிருக்காது."

"இருக்க வேணாம். ஓடினா போதும்."

ஐப்பசியில் ஒரு நாள் காலை, சித்தூருக்குப் போக ஜீப்பில் ஆட்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். தொடர்ந்து மழை. ஏரிக்கு அந்தப்பக்கத்துக் கொல்லைமேட்டிலிருந்து கோவர்த்தனன் என்பவன் ஓடிவந்தான்.

"என் சம்சாரம் செல்விக்கு வலி எடுத்துக்கிச்சி. ஆயம்மாவை அனுப்புங்க."

தாட்சாயணி பையை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். உமாபதி பின்பக்கம் திரும்பி, "எல்லாரும் எறங்குங்க" என்றான்.

"வாய்தா இன்னிக்கி. போகலன்னா கேஸ் போச்சு!" என்று ஒருவர் கத்தினார்.

"சத்தியவேடு வரைக்கும் நடந்தா புத்தூர் பஸ் கெடைக்கும், போங்க." அவர்கள் திட்டிக்கொண்டே இறங்கினார்கள். தாட்சாயணியையும் கோவர்த்தனனையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினான்.

ஏரிக்கரையில் முன்சக்கரங்கள் வழுக்கி வண்டி சரிந்தது. தாட்சாயணியும் கோவர்த்தனனும் முழங்கால் சேற்றில் நின்று தள்ள, பின்சக்கரங்கள் மண்ணைக் கவ்வி ஏறின. போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. வீரிட்டு அழுதது.

தாட்சாயணி கைகழுவிவிட்டு வந்து, சேற்றுப் புடவையோடு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். கோவர்த்தனன் இருவருக்கும் சூடாகக் கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்தான்.

அவள் ஒரு வாய் குடித்தாள். பிறகு, "ஆடியில அந்தக் கொழந்த... பையன்" என்றாள்.

உமாபதி தலையாட்டினான். அவள் அழுதாள். அவன் அவள் கையிலிருந்து கூழ் சிந்தாமல் குவளையை வாங்கிப் பிடித்துக்கொண்டான்.

"நாளைக்கும் சித்தூர் சவாரி இருக்குது" என்று கடைசியில் அவளே நினைவூட்டினாள்.

"நாளன்னிக்கி போவலாம்" என்றான். "நாளைக்கி ரெண்டு பேரும் தூங்கலாம்."