வருஷம் முழுக்கக் கடல் காற்று

விழுப்புரம் தாலுகா ஆபீசில் தலைமை குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற தணிகாசலத்துக்குச் சித்திரை பிறந்தால் மூச்சு முட்டும். மற்ற மாதங்களில் மனிதர் மேடை ஏறினால் மூச்சு விடாமல் பேசக்கூடியவர். ஊர் மதுவிலக்குப் பிரசார கமிட்டிக்கு அவர்தான் தலைவர். கள்ளால் கெட்ட குடும்பங்களைப் பற்றிச் சொல்லும்போது கண்ணில் தண்ணீர்கூட வரவழைப்பார். சித்திரை வந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கடல் காற்று பட்டால்தான் சரியாகும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கடலூரிலும் கடல் இருக்கிறதே என்று யாராவது கேட்டால், அந்தக் காற்றில் ஈரம் அதிகம் என்பார். புதுச்சேரிக் காற்றுதான் அவர் உடம்புக்குப் பிடித்தது.

பிடிக்காமல் என்ன செய்யும்? சென்னை ராஜ்யத்தில் அப்போது சொட்டுச் சாராயம் கிடையாது. குடித்து மாட்டினால் ஜெயில். ரயிலில் கொஞ்ச நேரம் போனால் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகும் அங்கே தெருவுக்குத் தெரு கடை திறந்தே இருந்தது. தணிகாசலம் அங்கே உப்பளம் என்ற பகுதியில் அறை எடுத்து ஒரு மாதம் தங்குவார். முகம் பளபளக்கத் திரும்பி வந்து, வந்த வாரமே மதுவிலக்குக் கூட்டம் போடுவார்.

அவர் மனைவி ராஜாம்பாளுக்கு முதல் வருஷமே விஷயம் புரிந்துவிட்டது. ரயிலை விட்டு இறங்கிய மனுஷன் கிராம்பும் ஏலக்காயுமாக மென்றுகொண்டே வீடு வந்தால், அதற்கு முன்னால் வாயில் என்ன போயிருக்கும் என்று கண்டுபிடிக்க பி.ஏ. படிக்க வேண்டுமா? குடித்ததுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. ஒரு தடவை தன்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். பெண்களுக்கு உப்புக் காற்று ஆகாது, கர்ப்பப்பை சுருங்கிவிடும் என்று அவர் முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார். பேரன் பிறந்த வீட்டில் கர்ப்பப்பை சுருங்கினால் என்ன, சுருங்காவிட்டால் என்ன? அன்றைக்கு அவளுக்கு வந்த ஆத்திரம் அதற்கப்புறம் அடங்கவே இல்லை. வருஷா வருஷம் அவர் பெட்டியில் வேட்டியை மடித்து வைக்கும்போதெல்லாம் அது தலை தூக்கும்.

ஐம்பத்தேழாம் வருஷம் காற்று வாங்கித் திரும்பியவர் புது யோசனையோடு வந்தார். ஒரு மாதக் காற்று பதினோரு மாதத்துக்குத் தாங்கவில்லையாம். விழுப்புரத்து வீட்டை விற்றுவிட்டு உப்பளத்தில் ஒரு வீடு வாங்கி நிரந்தரமாகவே அங்கே போய்விடலாம் என்றார். கமிட்டியில் இருந்த அரிசி மில் கன்னியப்பன் வீட்டை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். பத்திரமும் எழுதியாயிற்று. ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி, அது ராஜாம்பாளுடையது. ஏனென்றால் வீடு அவள் அப்பா அவளுக்கு எழுதிக் கொடுத்தது. இந்த உலகத்தில் அவள் பெயர் பொறித்திருந்த பொருள் இரண்டுதான். ஒன்று அந்த வீட்டின் பத்திரம், இன்னொன்று கல்யாணத்துக்கு வந்த பித்தளைக் குடம்.

கையெழுத்து தேவைப்பட்டதும் தணிகாசலம் தேனாக உருகினார். உப்புக் காற்று பெண்களுக்கும் ரொம்ப நல்லது என்று டாக்டர் இப்போது சொல்கிறாராம். காலையில் அவளுக்கு அவரே காப்பி ஆற்றிக் கொடுத்தார். ராஜாம்பாள் காப்பியைக் குடித்துவிட்டு யோசித்தாள். வீட்டை விற்ற பிறகு தன் கையில் மிஞ்சப் போவது குடம் ஒன்றுதான். ஒரு மாதக் குடிகாரன் வருஷம் முழுக்கக் குடிகாரன் ஆவான். தான் முன்பின் தெரியாத ஊரில் கிராம்பு வாசனையோடு காலம் தள்ள வேண்டும். மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. ஆனால் சொல்லிவிட்டால் கடலைப் பார்ப்பதும் முடிந்தது. அவளுக்கு அதுவும் வேண்டியிருந்தது.

"நீங்க சித்திரையில பார்த்த ஊரை நான் ஐப்பசியில பார்த்துட்டுத்தாங்க கையெழுத்து போடுவேன்" என்றாள். "மழைக்காலம் முடியட்டும். அதுவரைக்கும் வாடகைக்கு இருந்து பார்ப்போம்."

கமிட்டி தன் தலைவருக்குப் பிரிவுபசாரக் கூட்டம் நடத்தியது. செயலாளர் நாராயணசாமி பேசும்போது, குடியில் மூழ்கிக் கிடக்கும் ஊருக்கு நமது தலைவர் கொள்கை விளக்கை ஏந்திக்கொண்டு போகிறார் என்றார். தலைவர் அடக்கமாகத் தலை குனிந்து மாலையை வாங்கிக்கொண்டார்.

புரட்டாசியில் உப்பளத்தில் குடியேறினார்கள். வீட்டுக்காரி குஞ்சம்மாள் பின்கட்டில் இருந்தாள். புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரைக்கும் போய், பென்ஷன் வாங்கி, இரண்டு வருஷத்துக்கு முன் செத்துப் போன சிப்பாய்; சொல்தா என்பார்கள் அங்கே. மகளை நெல்லித்தோப்பில் கட்டிக்கொடுத்திருந்ததால், நல்ல ஆள் கிடைத்தால் வீட்டை விற்றுவிட்டு அவளோடு போய்ச் சேர நினைத்திருந்தாள். மனதில் பட்டதை அப்படியே போட்டு உடைக்கிற பொம்பளை.

"ஏம்மா, உங்க பக்கத்து ஆம்பளைங்களுக்கு எல்லாம் நெஞ்சுல ஏதோ கோளாறா?" என்று முதல் நாளே கேட்டாள். "சித்திரையானா ரயில் ரயிலா வந்து எறங்கறாங்க. எல்லாரும் காத்துக்குத்தான் வந்தேன்றாங்க. கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, கடைக்கு உள்ளார உக்காந்து வாங்கறாங்க அந்தக் காத்தை."

ராஜாம்பாள் ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

மறுநாள் விடிந்ததும் பெண்கள் இருவரும் கடற்கரைக்குப் போனார்கள். கடலுக்குள் இடிந்து நின்ற பழைய கப்பல் பாலத்துக்குப் பக்கத்தில் நின்று ராஜாம்பாள் கடலைப் பார்த்தாள். அது இவ்வளவு சத்தம் போடும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. காலை நனைத்துக்கொண்டாள். அங்கே அவளை யாருக்கும் தெரியாது. எங்கே போகிறாய், யார் வீட்டுக்கு, தலைவர் சாப்பிட்டாரா என்று எதிர்ப்பட்டவர்கள் கேட்கவில்லை. இத்தனை வருஷம் இதைத் தனக்குக் காட்டாமல் வைத்திருந்தானே பாவி என்று நினைத்தபோது துக்கமும் கோபமும் சேர்ந்து வந்தன. அன்றிலிருந்து தினம் போனாள்.

தணிகாசலமும் தினம் போனார், சாயங்காலத்தில், வேறு திசையில். திரும்பி வந்து கிராம்பை மென்றுகொண்டே, இன்றைக்குக் காற்று பிரமாதம் என்பார். இரண்டு வாரம் போயிற்று. ஒரு நாள் வாசற்படியைத் தாண்டத் தெரியாமல் தடுக்கி விழுந்து, படி சரியில்லை என்று குஞ்சம்மாளையே அதட்டினார். ராஜாம்பாள் அவரைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு, அந்த இடத்திலேயே ஒரு முடிவுக்கு வந்தாள்.

அந்த வாரம் அவள் தம்பி இராமதாஸ் விழுப்புரத்திலிருந்து காய்கறியோடு அக்காவைப் பார்க்க வந்தான். அவனிடம் அவள் ஒரு சேதி சொல்லி அனுப்பினாள். தலைவருக்கு இங்கே கொள்கை பேச ஆள் இல்லாமல் முகம் வாடிக் கிடக்கிறது. கமிட்டிக்காரர்கள் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் தயங்க வேண்டாம், நம் வீட்டிலேயே வந்து தங்கி எத்தனை நாள் வேண்டுமானாலும் காற்று வாங்கலாம். இவ்வளவுதான் சேதி.

கமிட்டி முழுவதற்கும் மூச்சு முட்டியது. முதலில் நாராயணசாமி வந்தார், அவருக்கு இருமல். பின்னாலேயே கன்னியப்பன் வந்தார். வீட்டுப் பத்திர விஷயம் என்று சொல்லிக்கொண்டாலும் அவருக்கும் லேசாக இளைப்பு இருந்தது. அவர்கள் போவதற்குள் வேறு இருவர் வந்தார்கள். தலைவர் வீட்டில் தங்குவதால் வீட்டில் பெண்டாட்டியிடம் பதில் சொல்ல வேண்டியதில்லை. எல்லார் ஜிப்பாப் பையிலும் கிராம்பு இருந்தது.

வந்த பிறகுதான் அவர்களுக்குச் சங்கடம் உறைத்தது. ஒவ்வொருவரும் தான் ஒருத்தன்தான் திருட்டுத்தனமாக வருகிறவன், மற்றவர்களெல்லாம் நிஜமாகவே நெஞ்சு நோய்க்காரர்கள் என்று நம்பியிருந்தார். மற்றவர் பேச்சைக் கேட்டுக் கேட்டு அப்படி ஒரு நம்பிக்கை. தலைவர் எதிரே செயலாளர் எப்படிக் கடைக்குப் போவார்? செயலாளர் எதிரே தலைவர்தான் எப்படிப் போவார்? சாயங்காலம் ஆனால் கூடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். தபாலாபீஸ் வரைக்கும் போய்வருகிறேன் என்று நாராயணசாமி எழுந்தால், தனியாகப் போக வேண்டாம், இந்த ஊர் மோசமான ஊர் என்று தணிகாசலமும் செருப்பை மாட்டுவார். வழியில் உள்ள கடைகளை இருவரும் முகம் சுளித்துக் கடந்து, மூடிக் கிடக்கும் தபாலாபீசைப் பார்த்துவிட்டு வருவார்கள். கன்னியப்பன் ஒரு தடவை குடை வாங்கப் போவதாகச் சொல்லி நழுவப் பார்த்தார். ராஜாம்பாள் ஓடிப்போய் வீட்டுக் குடையை எடுத்துக் கொடுத்து, துணைக்கு நாராயணசாமி அண்ணனையும் அனுப்பி வைத்தாள்.

அவள் யாருக்கும் குறை வைக்கவில்லை. அடை வார்த்தாள், ரசம் வைத்தாள், சாயங்காலம் எல்லாருக்கும் பெரிய டம்ளரில் இஞ்சி தட்டிப் போட்ட மோர் கொடுத்தாள். மோரைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் மதுவின் தீமையைப் பற்றிப் பேசினார்கள். பேசப் பேசத் தொண்டை வறண்டது. பின்கட்டில் குஞ்சம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. கடல் ஊருக்குள் வந்துவிடும் போல இரைந்தது. வெல்லம் கசிந்தது, தீக்குச்சி நமுத்தது, தணிகாசலத்தின் பெட்டிப் பூட்டு துருவேறித் திறக்க மறுத்தது. இது எதுவும் கமிட்டிக்காரர்கள் வருவதை நிறுத்தவில்லை. வந்தவர்கள் ஏமாந்து போனாலும், போனவர்கள் அதை மற்றவரிடம் எப்படிச் சொல்வார்கள்? காற்று அபாரம் என்றுதான் விழுப்புரத்தில் போய்ச் சொன்னார்கள். அதைக் கேட்டு அடுத்த கோஷ்டி ரயில் ஏறியது. சாராயம் ஆறாக ஓடுகிற ஊரில் தணிகாசலத்துக்கு ஒரு சொட்டு நாக்கில் படவில்லை. கன்னம் ஒட்டிப்போயிற்று.

இதற்கு நடுவில் ராஜாம்பாள் ஒரு வெள்ளிக்கிழமை, தம்பி வீட்டில் விட்டு வந்த மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று, மறுபடி வந்த இராமதாசோடு விழுப்புரம் போய்வந்தாள். அடுத்த நாள் குஞ்சம்மாளோடு நெல்லித்தோப்பில் அவள் மகளைப் பார்க்கப் போவதாகச் சொல்லிப் போனாள். தணிகாசலம் எங்கே, எதற்கு என்று கேட்கவில்லை. அவர் அன்றைக்கும் நாராயணசாமிக்குக் காவல் இருந்தார்.

கார்த்திகை நடுவில் ஒரு பகல், விருந்தாளிகள் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரம் பார்த்து அவர் அடுப்படிக்கு வந்தார். பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ராஜம், நீ சொன்னதுதான் சரி. இந்த ஊர்க் காத்து எனக்கு ஒத்துக்கல. விழுப்புரத்துக்கே போயிடுவோம். நீ கையெழுத்து போடவேணாம். சித்திரைக்கு மட்டும் நான் எப்பவும் போல ஒரு மாசம் வந்துட்டுப் போறேன்."

ராஜாம்பாள் அடுப்பிலிருந்து நிமிர்ந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. பிறகு வருஷா வருஷம் மடித்து வைத்த வேட்டிகள் ஞாபகத்துக்கு வந்தன. பாவம் போய்விட்டது.

"கையெழுத்து போட்டாச்சுங்க" என்றாள். "நீங்க எழுதி வச்ச பத்திரத்துலதான் போட்டேன். நான்தான் சொல்லவேணாம்னு கேட்டுக்கிட்டேன், கன்னியப்பன் அண்ணனும் சொல்லல. மறுநாளே குஞ்சம்மா அக்காவும் நானும் பத்திரம் பதியற நொத்தேர் ஆபீசுக்குப் போயி, அந்தப் பணத்துல இந்த வீட்டை வாங்கி எழுதிட்டோம். என் பேர்லதான்."

தணிகாசலம் சட்டைப் பையில் கிராம்பைத் தேடினார்.

"எனக்கு இந்த ஊரு பிடிச்சுப்போச்சு. மழையிலயும் பிடிச்சிருக்குது. வருஷம் பூரா இங்கதான் இருக்கப்போறேன். நீங்களும் இருங்க. ஆனா இது என் வீடு. உள்ள ஒரு சொட்டு சாராயம் வரக்கூடாது, வெளிய குடிச்சுட்டும் படி ஏறக்கூடாது. நாராயணசாமி அண்ணன் பொங்கலுக்கு அப்புறமும் வரேன்னு இருக்காரு, உங்களை அவரு பாத்துக்குவாரு."

பிறகு அடுப்பை ஊதிவிட்டு, கரிசனமாகவே சொன்னாள்: "சித்திரையில மூச்சு முட்டுச்சுன்னா விழுப்புரத்துக்குப் போயி என் தம்பி வீட்டுல ஒரு மாசம் இருந்துட்டு வாங்க. காத்து மாறினா சரியாயிடும்."

கூடத்தில் நாராயணசாமி எழுந்து இருமும் சத்தம் கேட்டது. தலைவர் எழுந்து போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். பிரெஞ்சுக்காரனும் கொண்டுவராத, டில்லிக்காரனும் கொண்டுவராத மதுவிலக்கு, அன்று சாயங்காலம் புதுச்சேரியில் ஒரே ஒரு வீட்டில் அமலுக்கு வந்தது. கமிட்டித் தலைவர் மோர் குடித்தார்.