ஆறுதலான பயணம்

முப்பத்திமூன்று வருடம் புவியியல் படிப்பித்தவள் நான். தார்ப் பாலைவனத்தைக் கரும்பலகையில் எத்தனை தரம் கீறியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. மஞ்சள் சோக்கால் புள்ளி புள்ளியாகக் குத்தி, "பிள்ளையள், இது முழுக்க மணல்" என்பேன். ஒருநாள் பின் வரிசை வாங்கிலிருந்து ஒரு பெட்டை எழும்பி, "ரீச்சர், நீங்கள் போய்ப் பாத்தனீங்களோ?" என்று கேட்டாள். "சோதினைக்கு உது வராது, இரும்" என்று அவளை இருத்திவிட்டேன். ஆனால் அவள் கேட்டது எனக்குள்ளே கிடந்து அரித்துக்கொண்டுதான் இருந்தது.

போன ஆவணியில் ஓய்வு பெற்றேன். பிரியாவிடையில் போட்ட மாலை வாடுவதற்கு முன்னமே சரவணைக் கிராமத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இந்தியாவின் தேசப்படத்தை விரித்துவிட்டேன். தை மாதம்தான் சரியான காலம். கோடையில் அந்தப் பக்கம் மனிதர் போக ஏலாது. தையில் பகல் வெயில் இதமாக இருக்கும், இரவுக்கு மட்டும் ஒரு சுவெற்றர் வேண்டும். பலாலியில் பிளேன் ஏறிச் சென்னை, அங்கிருந்து ஜெய்ப்பூர். ஜெய்ப்பூரில் ஒரு காரைப் பிடித்தால் பிக்கானேர், ஜெய்சல்மேர், ஜோத்பூர், பிறகு தெற்கே இறங்கிப் பூஜ். பூஜுக்கு அங்காலே கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை உப்பு நிலம். ஜோத்பூரிலிருந்து பூஜுக்கு ஒரே மூச்சில் ஓடுவது விசர் வேலை என்று கண்டு, இடையில் பாலன்பூரில் ஒரு தங்கலும் போட்டேன். எல்லாமாகப் பதினான்கு நாள். சிவப்புப் பேனையால் கோடு கீறி முடித்தபோது எனக்கே என்னில் ஒரு பெருமை.

"இஞ்சாருங்கோ, வந்து பாருங்கோ" என்று இவரைக் கூப்பிட்டேன்.

இவர் என் வீட்டுக்காரர், தயாபரன். இருபத்தெட்டு வருடம் சாரதியாகக் குறிகட்டுவானுக்குப் பஸ் ஓடியவர். நயினாதீவு அம்மனிடம் போகிற சனம் இவருடைய பஸ்ஸில்தான் இறங்குதுறைக்குப் போகும். திருவிழா நாளில் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வருகிற சனத்தோடும் ஒரு கீறல் விழாமல் பாலத்தைத் தாண்டிவிடுவார். அப்படிப்பட்டவருக்குக் கண்ணில் பிரஷர் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, படலையைச் சாத்திவிட்டு, மத்தியானச் சாப்பாடும் வேண்டாம் என்று படுத்தவர்தான். பிறகு சாப்பிட்டார், சிரித்தார், வெங்காயம் நட்டார், எல்லாம் செய்தார். ஆனால் வேறொருவர் ஓடுகிற வாகனத்தில் ஏறுவதென்றால் மட்டும் ஆயிரம் சாக்கும் சாட்டும் சொல்வார். யாழ்ப்பாணத்துக்குக் கண் கிளினிக்குக்குப் போகக்கூட நான் இழுபறிப்பட வேண்டும்.

தேசப்படத்தைப் பார்த்தார். மூக்கைச் சுருக்கினார்.

"மணலும் வெயிலும் பாக்கிறதுக்கு இந்தியாவுக்குப் போகோணுமோ? சாட்டிக் கடற்கரையிலை போய் இரும், ரெண்டும் கிடைக்கும்."

"சாட்டியிலை ஒட்டகம் நிக்குதோ?"

"நெடுந்தீவிலை குதிரை நிக்குது. காணாதோ?"

"பகிடி விடாதேங்கோ. வருவியளோ, மாட்டியளோ?"

"வெங்காயத்துக்கு ஆர் தண்ணி இறைக்கிறது? நீர் போயிட்டு வாருமப்பா. நான் இஞ்சை காவல் இருக்கிறன்."

எனக்குக் கோபம் வந்தது. வெங்காயம் ஒரு சாட்டு என்று எனக்குத் தெரியாதா? தண்ணி இறைக்கப் பக்கத்து வீட்டு ஆரூரனை விட்டால் எங்களைவிட வடிவாக இறைப்பான். ஐப்பசி முழுவதும் கேட்டேன். கெஞ்சினேன், ஏசினேன், இரண்டு நாள் கதையாமலும் இருந்து பார்த்தேன். மனுசன் அசையவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மணல் பார்க்கிற ஆசை ஒரு பங்கு என்றால், இவரோடு சேர்ந்து பார்க்கிற ஆசை மூன்று பங்கு. தனியப் போய் ஒரு மணல் மேட்டில் ஏறி நின்று, "அங்கை பாருங்கோ" என்று யாருக்குச் சொல்வது?

கார்த்திகையில் எனக்கு ரோசம் வந்துவிட்டது. போகாமல் விட்டால் இவருடைய பிடிவாதம் வென்ற மாதிரி ஆகிவிடும். மகள் நிலாந்தினி நோர்வேயிலிருந்து சென்னையில் ஒரு பயண முகவரின் இலக்கம் அனுப்பியிருந்தாள். கோபத்தோடு குந்தியிருந்து வட்ஸ்அப்பில் ஒரு கடிதம் எழுதினேன். வழித்தடத்தை விபரமாகப் போட்டேன். கடைசியில் இப்படி முடித்தேன்:

"முப்பத்தொரு வருடமாக நானும் என் கணவரும் எல்லா இடமும் ஒன்றாகவே போய் வந்தோம். இனி அவரைக் கூட்டிக்கொண்டு போக ஏலாது. ஆகையால் ஓர் ஆளுக்கு மட்டும் ஒழுங்கு செய்யவும். என் வயதுக்கு ஓடிப் பறந்து போக விருப்பமில்லை. எனக்கு ஆறுதலான பயணமே வேண்டும்."

அனுப்பிய பிறகு மனம் கனத்தது. இவருக்குச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் குசினியில் இடியப்பத்துக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தேன். கை இரண்டும் மா. மேசையில் கிடந்த போன் கீச்சிட்டது.

"இஞ்சாருங்கோ, உது சென்னையிலையிருந்தாயிருக்கும். ஒருக்கா வாசியுங்கோ."

இவர் கதிரையை வாசலுக்கு இழுத்துப் போட்டு, எழுத்தைப் பெருப்பித்து, போனை முழுக் கை தூரத்துக்குப் பிடித்துக்கொண்டு தொடங்கினார்.

"மதிப்பிற்குரிய மீனலோசனி அம்மா அவர்களுக்கு. அன்புக் கணவரை இழந்து வாடும் தங்களுக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்."

நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

"இஞ்சாரும். நான் எப்ப செத்தனான்?"

"விசர்க்கதை கதையாமல் உள்ளதை வாசியுங்கோ."

"உள்ளதைத்தானப்பா வாசிக்கிறன். இன்னும் கிடக்கு, கேளும். 'தாங்கள் கேட்டுக்கொண்டபடி மனதுக்கு ஆறுதல் தரும் வகையில் பயணம் மாற்றி அமைக்கப்பட்டுள்ளது. மூன்றாம் நாள் புஷ்கர் தீர்த்தக் கரையில் தங்கள் கணவருக்குப் பிண்டம் வைக்க ஏற்பாடு செய்யப்படும்.' பாத்தீரோ, எனக்குப் பிண்டமெல்லாம் கிடைக்கப்போகுது. 'ஜெய்சல்மேர் மணல் மேடுகள், ஒட்டகச் சவாரி, இரவு ஆட்டம் பாட்டு ஆகியவை தங்கள் தற்போதைய மனநிலைக்குப் பொருந்தாது என்பதால் நீக்கப்பட்டுள்ளன.'"

"ஐயோ, என்ரை மணல்!" என்று கத்திவிட்டேன்.

"புருசன் செத்ததுக்கு ஒரு சத்தத்தைக் காணேல்லை. மணல் போனவுடனை ஐயோ எண்டுறீர்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாங்கள் ஆறுதலாக என்றால் அவசரமில்லாமல், மெல்ல மெல்ல என்று சொல்கிறோம். ஆறுதலாச் சாப்பிடு, ஆறுதலா வா, எல்லாம் அதுதான். சென்னைப் பெடியனுக்கு ஆறுதல் என்றால் செத்தவீட்டில் சொல்வது. அதோடு நான் "இனிக் கூட்டிக்கொண்டு போக ஏலாது" என்று வேறு எழுதி வைத்தால், பாவம், அவன் என்ன நினைப்பான்? எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. மாக் கையோடு கதவில் சாய்ந்து நின்று விழுந்து விழுந்து சிரித்தேன். இவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

சிரித்துக்கொண்டே விரலால் மேலே தள்ளி, நான் எழுதியதைத் தேடி எடுத்தார். அதையும் வாசித்தார். இம்முறை சத்தமாக வாசிக்கவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது.

"'இனி அவரைக் கூட்டிக்கொண்டு போக ஏலாது.' உதை நீர்தான் எழுதினனீரோ?"

"ஓம்."

"நான் உண்மையாச் செத்துப்போனாலும் உப்பிடித் தனியப் போவீரோ?"

அந்த இடத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. "ஓம், போவன். அழுது முடிச்சிட்டுப் போவன். செத்தாப் பிறகு தனியப் போறதிலை ஒரு நியாயம் இருக்கு. குத்துக்கல்லு மாதிரி முன்னாலை இருந்துகொண்டு என்னைத் தனிய விடுறியளே, அதுக்கு என்ன நியாயம்? பிள்ளையள் ஒவ்வொரு திக்கிலை. எனக்கு ஆர் இருக்கினம்? நீங்கள்தானே?"

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். கிணற்றடி வெங்காயப் பாத்தியைப் பார்த்தார்.

"வெங்காயம் ஒரு சாட்டு," என்றார்.

"அது எனக்குத் தெரியும்."

"ஒருத்தன் ஓட, நான் சும்மா கையைக் கட்டிக்கொண்டு இருக்கோணும். வெக்கமாக்கிடக்கப்பா. ஓட ஏலாதவன் எண்டு எல்லாரும் பாக்கிற மாதிரி இருக்கும்."

"ராஜஸ்தானிலை ஆர் உங்களைப் பாக்கப்போயினம்? ஒட்டகமோ?"

அவர் போனை மறுபடியும் எடுத்து, முகவரின் இலக்கத்தை அழுத்தி, எனக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டார். அங்கே ஒரு இளம் குரல், பவ்வியமாக.

"வணக்கம், சொல்லுங்க."

"வணக்கம் தம்பி. நான் யாழ்ப்பாணத்திலையிருந்து கதைக்கிறன். மீனலோசனி ரீச்சர் வீடு."

"ஓ, அம்மாவோட பையனா சார்? அப்பா விஷயம் கேட்டு ரொம்ப வருத்தமா இருந்துச்சு சார்."

"மகன் இல்லைத் தம்பி. நான்தான் அந்தச் செத்துப்போன மனுசன்."

நான் வாயைப் பொத்தப் போய் முகமெல்லாம் மா அப்பிக்கொண்டது. இவர் நிதானமாக விளங்கப்படுத்தினார்.

"எங்கட ஊரிலை ஆறுதலா எண்டால் அவசரப்படாமல் எண்டு அர்த்தம். நான் பஸ் ஓடேக்கை ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்லுறது, 'ஆறுதலா இறங்குங்கோ' எண்டு. ஒருத்தரும் சாகேல்லை. பிண்டத்தை எடுத்துப்போட்டு மணலையும் ஒட்டகத்தையும் திருப்பிப் போடுங்கோ."

"ஐயோ, மன்னிச்சிடுங்க சார்! உடனே மாத்திடறேன். அம்மா ஒருத்தர்தானே சார்?"

நான் மாக் கையோடு போனுக்குக் கிட்ட வந்தேன்.

"இல்லை. ரெண்டு பேர்."

"சரி சார். காரும் டிரைவரும் நாங்களே குடுத்துடுவோம். வண்டி ஓட்டினவர்னு சொல்றீங்க, உங்களுக்கு டிரைவர் பக்கத்துல முன் சீட் போட்டுடலாம். ரோட்டைப் பார்த்துட்டே வரலாம். ஓகேவா சார்?"

முன் சீற் என்றதும் அவருடைய முகத்தில் ஒரு ஆசை வந்து போனதை நான் கண்டேன். பிறகு என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"வேண்டாம் தம்பி. பின்னுக்கு. மனுசிக்குப் பக்கத்திலை."

கலியாணம் முடித்த நாளிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும், கோயிலுக்கும், சொந்தக்காரரின் கலியாண வீடுகளுக்கும் இந்த மனுசன் பஸ்ஸோ சைக்கிளோ ஓட ஓட நான் பின்னாலே இருந்து வந்தவள். அவருடைய பிடரியில் எந்த வருடம் எத்தனை மயிர் நரைத்தது என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் இருந்து, ஒரே ஜன்னலால் ஒன்றாக வெளியே பார்த்தபடி நாங்கள் ஒரு பயணமும் போனதில்லை. அதை அவரும் யோசித்திருக்கிறார் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. எனக்கு ஓவென்று அழுகை வந்துவிட்டது.

அவர் போனை வைத்துவிட்டு எழும்பி வந்தார்.

"இப்ப என்னத்துக்கப்பா அழுறீர்?" என்றார். "நான்தான் சாகேல்லையே."